ஊர் மாறினால் மனம் மாறுமா?

வாழ்க்கை கசந்துபோகும் வேளைகளில் மனித மனத்தில் எழும் எண்ணங்களுள் மிகப் பழையது, 'இந்த ஊரை விட்டுப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்பதாகும். தொழில் கைகூடாதவர், அயலவருடன் பிணக்குப்பட்டவர், பிள்ளைகளின் கல்வி குறித்துக் கவலையுறுபவர், உறவினரின் ஓயாத விசாரணைகளால் சலிப்படைந்தவர் எனப் பலரும் இவ்வெண்ணத்துடன் இரவுகளைக் கழிப்பதுண்டு. நமது நாட்டில் இது மனக்கற்பனையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வெள்ளவத்தைக்கு, மலையகத் தோட்டங்களிலிருந்து கொழும்பின் கடைகளுக்கு, கொழும்பிலிருந்து கடல் கடந்த நகரங்களுக்கு என இடப்பெயர்வு ஒரு தொடர்கதையாகவே இருந்து வந்துள்ளது. பொருளாதார நெருக்கடி உச்சமடைந்த 2022ஆம் ஆண்டில் மாத்திரம் 9 இலட்சத்துக்கும் அதிகமான கடவுச்சீட்டுகள் விநியோகிக்கப்பட்டன என்பதை நாம் மறந்துவிடவில்லை.

ஊர் மாறுவதால் வருமானம் கூடுமா, பாதுகாப்புக் கிடைக்குமா, பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலை வாய்க்குமா என்பன பற்றி நாம் நிறையவே பேசியிருக்கின்றோம். ஆனால் மாறிச் செல்பவர் அதனால் மகிழ்ச்சியடைகின்றாரா என்ற கேள்வியை எவரும் பெரிதாக எழுப்புவதில்லை. கடந்த முப்பது ஆண்டுகளாக உளவியலாளரும் பொருளியலாளரும் இக்கேள்வியை ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்களது முடிவுகளை 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க முடியாது. எனினும், மூட்டை கட்டலாமா வேண்டாமா என்று தடுமாறும் ஒரு குடும்பத்துக்கு அவற்றில் உபயோகமான செய்திகள் உண்டு.

மகிழ்ச்சியை அளப்பது எவ்வாறு என்ற ஐயம் வாசகருக்கு எழுதல் இயல்பே. இரு வழிகள் பொதுவாகக் கையாளப்படுகின்றன. உமது வாழ்க்கை குறித்து மொத்தத்தில் எவ்வளவு திருப்தியடைகின்றீர் என்று கேட்டுப் புள்ளியிடச் செய்வது ஒன்று. நேற்றைய தினத்தை மணித்தியாலம் மணித்தியாலமாக நினைவுகூரச் செய்து, ஒவ்வொரு வேளையிலும் மனம் எந்நிலையில் இருந்தது எனக் கேட்பது மற்றொன்று. தனியொருவரைப் பொறுத்தவரை இரண்டுமே கரடுமுரடான அளவுகோல்கள்தாம். ஆயினும் ஆயிரக்கணக்கானோரிடம் கேட்கும்போது வேறுபாடுகள் தெளிவாகத் தென்படுகின்றன. இவ்விரு கேள்விகளுக்கும் ஒருவரே இருவேறு விதமாகப் பதிலளிக்கக் கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்துறையில் பலரும் எடுத்துக்காட்டும் ஆய்வொன்று 1998இல் வெளியானது. அதனை நடத்தியவர்கள் டேவிட் ஷ்கேட் என்பவரும், பின்னர் 2002இல் பொருளியலுக்கான நொபெல் பரிசு பெற்ற உளவியலாளர் டானியல் கானமனும் ஆவர். ஐக்கிய அமெரிக்காவில் கலிபோர்னியா என்றால் இதமான வெயிலும் கடற்கரையும் நினைவுக்கு வரும். மத்திய மேற்கு மாநிலங்கள் என்றாலோ உறைபனியும் நீண்ட குளிர்காலமும்தான். இவ்விரு பிரதேசங்களிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் ஏறக்குறைய 2000 மாணவர்களிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. ஒரு சாராரிடம் தத்தம் வாழ்க்கை குறித்துக் கேட்கப்பட்டது. மறுசாராரிடம் மற்றப் பிரதேசத்தில் தம்மைப் போன்ற ஒருவர் எவ்வளவு திருப்தியுடன் வாழ்வார் எனக் கேட்கப்பட்டது. கலிபோர்னியாவில் வாழ்பவரே கூடுதல் மகிழ்ச்சியுடையவராக இருப்பார் என்று இரு பிரதேசத்தவரும் ஒருமுகமாக ஊகித்தனர். உண்மையில் இரு பிரதேச மாணவரின் வாழ்க்கைத் திருப்தியும் ஏறத்தாழ ஒரே அளவினதாகவே காணப்பட்டது. கலிபோர்னியர் தமது காலநிலையை மெச்சினர் என்பது மெய்தான். ஆனால் மொத்த வாழ்வின் திருப்தியில் காலநிலைக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியதாகவே இருந்தது.

இதற்குக் கானமன் கூறிய விளக்கம் எளிமையானது. இரு ஊர்களை ஒப்பிடும்போது அவற்றுக்கிடையே வேறுபடும் அம்சங்களில் மட்டுமே நமது கண் பதிகின்றது. வேறுபடாதவை கண்ணில் படுவதேயில்லை. ஆனால் ஒருவரது நாளின் பெரும்பகுதி அவ்வாறு வேறுபடாதவற்றாலேயே நிரம்பியுள்ளது.

நமது சூழலில் வைத்து இதனை நோக்குவோம். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கொழும்பைக் கற்பனை செய்பவருக்குக் காலிமுகத்திடலும், எந்நேரமும் திறந்திருக்கும் கடைகளும், 'எங்கே போகின்றாய், எப்போது வருவாய்' என்று கேட்க ஆளில்லாத வீதிகளும் தோன்றும். தொடர்மாடியின் நாலாம் மாடிக்கு எரிவாயுச் சிலிண்டரைத் தூக்கிச் செல்வது தோன்றாது. அதேபோலக் கொழும்பில் இருந்துகொண்டு ஊரை நினைப்பவருக்கு வளவும், வேம்பின் நிழலும், கிணற்றடியும் தோன்றும். பிற்பகல் இரண்டு மணியின் வெறுமையும், சிறியதொரு பத்திரத்துக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதும் தோன்றா. கணவன், மனைவிக்கிடையே முடிவுறாத வாக்குவாதம் ஒன்று இருக்குமாயின் அது பயணப்பொதிகளுடன் சேர்ந்தே பஸ்ஸில் ஏறிவிடும். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று நம்மவர் சொல்லி வைத்ததையே ஆய்வாளர் புள்ளிவிபரங்களுடன் சொல்கின்றனர் என்றும் கொள்ளலாம்.

ஆனால் விடயம் இத்துடன் முடிந்துவிடவில்லை. மாறிச் சென்றவர் மகிழ்ச்சி அடையாமல் விடுவதோடு நில்லாது, முன்னிலும் குறைந்த திருப்தியுடன் வாழ்வதும் உண்டு. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் நைட் என்பவரும் இலங்கைப் பொருளியலாளரான ரமணி குணதிலகவும் இணைந்து சீனாவில் கிராமங்களை விட்டு நகரங்களில் குடியேறியவர்களைப் பற்றி ஆராய்ந்தனர். 2002ஆம் ஆண்டில் திரட்டப்பட்ட தரவுகளை அடிப்படையாகக் கொண்ட அவ்வாய்வு 2010இல் வெளியானது. நகரில் குடியேறியோர் கிராமத்தவரை விடக் கூடுதலாக உழைத்தனர். இருந்தும் அவர்களது சராசரி மகிழ்ச்சி, கிராமங்களில் வாழ்வோருடையதைக் காட்டிலும் குறைவாகவே இருந்தது.

இதற்கு ஆய்வாளர் முதன்மையாகச் சுட்டிய காரணம் எதிர்பார்ப்பு ஆகும். கிராமத்தில் இருந்தவரை ஒருவர் தம்மை ஒப்பிட்டது பக்கத்து வீட்டுக்காரருடன். நகருக்கு வந்த பின்னர் ஒப்பீட்டுக்குரியோர் மாறிவிடுகின்றனர். வருமானம் ஒரு படி ஏறுகையில் ஆசை இரண்டு படி ஏறிவிடுகின்றது. ஊரில் சைக்கிள் வைத்திருந்த காலத்தில் குறையொன்றும் உணராத குடும்பம், வெள்ளவத்தைத் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் வரிசையாக நிற்கும் கார்களைக் கண்டு தன்னை ஏழையென உணரத் தொடங்குவதை நாம் கண்டிருக்கின்றோம். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருபவர் கொண்டுவரும் கதைகள், ஊரை விட்டு அசையாதவருக்கும் இதே நோயைத் தந்துவிட்டன என்பது வேறு விடயம்.

இவ்வகை ஆய்வுகளில் எப்போதும் ஒரு சிக்கல் உண்டு. ஊர் மாறுபவரும் மாறாதவரும் ஆரம்பத்திலேயே வேறுபட்ட இயல்பினராக இருக்கலாமல்லவா? துணிச்சலோ மனக்குறையோ மிகுந்தவர்களே புறப்பட்டுச் செல்கின்றனர் எனின், இருசாராரையும் ஒப்பிட்டு என்ன பயன்? இச்சிக்கலைத் தீர்க்க இயற்கையாகவே ஒரு வாய்ப்பு பசிபிக் சமுத்திரத்தில் கிடைத்தது. தொங்கா என்ற சிறு தீவு நாட்டினருக்கு நியூசிலாந்து 2002 தொடக்கம் நிரந்தர வதிவிட அனுமதி வழங்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் ஆண்டொன்றுக்கு 250 இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. விண்ணப்பித்தவர் தொகை பன்மடங்காக இருந்தமையால் சீட்டுக் குலுக்கித் தெரிவு செய்தனர். எனவே, குலுக்கலில் தெரிவானவர்களும் தவறியவர்களும் ஒரே வகையான மனிதர்; வேறுபாடு அதிர்ஷ்டம் மட்டுமே.

டேவிட் மெக்கென்சி, ஜோன் கிப்சன், ஸ்டீவன் ஸ்டில்மன் ஆகியோர் இவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். சென்றவர்களின் வருமானமும் செலவிடும் ஆற்றலும் பெருமளவு உயர்ந்தன. மனநலம் சீரடைந்தது. ஆனால் மகிழ்ச்சி குறைந்தது. இன்னுமொரு நுட்பத்தையும் அவர்கள் கண்டனர். சமூகத்தில் தமக்குள்ள மதிப்பு முன்னரிலும் உயர்ந்துவிட்டதாகச் சென்றவர்கள் பின்னோக்கிப் பார்த்துக் கூறினர். குலுக்கலில் தவறி ஊரிலேயே நின்றவர்களுடன் ஒப்பிட்டபோதோ அம்மதிப்பு உண்மையில் தாழ்ந்திருந்தது. பெரும் விலை கொடுத்து எடுத்த முடிவைத் தவறென ஒப்புக்கொள்வது எவருக்கும் இலகுவன்று. வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசுபவர் 'நல்லாய் இருக்கிறோம்' என்று சொல்லும்போது, அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு தன்னைத் தானே தேற்றல் என்பதை அவரே அறியாதிருக்கக் கூடும்.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, இருக்கும் இடத்திலேயே இருப்பதுதான் புத்தி என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. நேர்மாறான சான்றுகளும் வலுவாகவே உள்ளன. பிரித்தானியாவில் ஒரே குடும்பங்களை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு 2013இல் வெளியான ஆய்வொன்று, ஊர் மாறியோரின் மனநிலையை மாறுவதற்கு முன்னும் பின்னுமாக நோக்கியது. புறப்படுவதற்கு முந்திய காலத்தில் அவர்களது மகிழ்ச்சி குறிப்பிடத்தக்க அளவு வீழ்ச்சியடைந்திருந்தது. இடமாற்றத்துடன் அது உயர்ந்து பழைய நிலைக்குத் திரும்பியது. அதற்கு மேலே செல்லவில்லை. தூரத்து ஊருக்குச் சென்றவர்கள் கிட்டிய ஊருக்குச் சென்றவர்களை விட எவ்வகையிலும் குறைந்த மகிழ்ச்சியுடன் இருக்கவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. ஆக, ஊர் மாறுவது பலருக்கு மருந்தாகவே அமைகின்றது. மருந்து நோயைத் தீர்க்கலாம். நோய் இல்லாதவரை மேலும் ஆரோக்கியமாக்குவதில்லை.

அப்படியாயின் எந்த நோய்க்கு இம்மருந்து பலிக்கும் என்று பார்க்க வேண்டும். ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் 1994 தொடக்கம் 1998 வரை பால்டிமோர், பொஸ்டன், சிக்காகோ, லொஸ் ஏஞ்சல்ஸ், நியூயோர்க் ஆகிய ஐந்து நகரங்களில் நடத்திய பரிசோதனை இதற்கு நல்ல விடையைத் தருகின்றது. மிக வறிய பகுதிகளில் அரச குடியிருப்புகளில் வாழ்ந்த ஏறத்தாழ 4600 குடும்பங்கள் அதிற் சேர்ந்தன. அவற்றுட் சிலவற்றுக்குக் குலுக்கல் முறையில், வறுமை குறைந்த பகுதிகளுக்கு மாறிச் செல்ல வாடகை உதவி வழங்கப்பட்டது. அக்குடும்பங்கள் மாற விரும்பியதற்குக் கூறிய பிரதான காரணம் சம்பளமோ பாடசாலையோ அன்று. குண்டர் குழுக்களிடமிருந்தும் போதைப்பொருளிடமிருந்தும் தப்புவதே ஆகும்.

பத்துப் பதினைந்து ஆண்டுகளின் பின்னர் ஆராய்ந்தபோது, மாறிச் சென்ற பெரியவர்களின் வருமானம் உயரவில்லை. பொருளியல் நோக்கில் திட்டம் தோல்வி என்றே பலரும் எண்ணினர். ஆனால் அவர்களது மனநிறைவு தெளிவாக உயர்ந்திருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 டொலர் வருமானம் உள்ள அக்குடும்பங்களுக்கு, அயலின் வறுமை கணிசமாகக் குறைவதால் கிடைத்த மனநிறைவு, மேலதிகமாக 13,000 டொலர் வருமானம் பெறுவதற்கு ஒப்பானதென 2012இல் ஆய்வாளர் மதிப்பிட்டனர். பிள்ளை பாடசாலையால் திரும்பி வரும்வரை வாசலில் நின்று தவிக்காத ஒரு தாயின் பிற்பகலுக்கு அவ்வளவு பெறுமதி உண்டு. அச்சத்தின் நடுவே வாழ்ந்து பழகிய நமது மக்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

இப்பரிசோதனையின் மற்றொரு முடிவு பெற்றோர் கவனிக்க வேண்டியதாகும். 13 வயதுக்கு முன்னர் மாறிச் சென்ற பிள்ளைகள், வளர்ந்து இருபதுகளின் நடுப்பகுதியை எட்டியபோது, ஏனையோரை விட ஏறத்தாழ 31 வீதம் கூடுதலாக உழைத்தனர் என்று ராஜ் செட்டியும் அவரது சகாக்களும் 2016இல் காட்டினர். 13 வயதுக்குப் பின்னர் மாறிய பிள்ளைகளுக்கு அந்த நன்மை கிட்டவில்லை. சிறிது பாதிப்பே ஏற்பட்டிருக்கலாம் என்றும் தெரிந்தது. மனநலத்தைப் பொறுத்தவரை பதின்ம வயதுப் பெண் பிள்ளைகள் நன்மையடைந்தனர். ஆண் பிள்ளைகள் முன்னிலும் மோசமடைந்தனர். நண்பர் கூட்டத்தை இழத்தல் என்பது பதினைந்து வயதில் ஒரு பேரிழப்பு. நமது குடும்பங்களோ பெரும்பாலும் அந்த வயதில்தான் ஊர் மாறுகின்றன. சாதாரண தரப் பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்து, உயர்தர வகுப்புக்காகக் கொழும்புக்கு அல்லது மாவட்ட வெட்டுப்புள்ளியைக் கணக்கிட்டு வேறொரு மாவட்டத்துக்குப் பிள்ளையை அனுப்புவது நம்மிடையே புதிதன்று. பல்கலைக்கழக அனுமதிக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். பிள்ளையின் மனக்கணக்கை எவரும் போட்டுப் பார்ப்பதில்லை.

நன்மை, தீமை இரண்டையும் நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு புலப்படுகின்றது. ஒருமுறை பார்த்து வியக்கும் அம்சங்களுக்கு மனம் விரைவில் பழகிவிடுகின்றது. புதிய வீட்டின் மாபிள் தரையும் யன்னல்வழித் தெரியும் கடலும் ஆறு மாதத்தில் சாதாரணமாகிவிடும். ஆனால் நாளுக்கு நாள் புதிது புதிதாகத் துன்புறுத்துபவற்றுக்கு மனம் எளிதில் பழகுவதில்லை. பிரயாணம் அத்தகையது. கானமனும் சகாக்களும் ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தொழில்புரியும் 909 பெண்களிடம் நாளாந்த மனநிலையைக் கேட்டு 2004இல் வெளியிட்ட ஆய்வில், காலையில் வேலைக்குச் செல்லும் பயணமே நாளின் மிக மோசமான வேளைகளுள் ஒன்றாகக் காணப்பட்டது. சுவிற்சர்லாந்துப் பொருளியலாளரான புரூனோ பிரேயும் அலோய்ஸ் ஸ்டட்சரும் ஜேர்மனியத் தரவுகளை ஆராய்ந்து, நீண்டதூரம் பயணிப்போர் அதற்கு ஈடாகக் கருதும் நல்ல வீடோ சம்பளமோ உண்மையில் அவ்விழப்பை ஈடுசெய்வதில்லை எனக் கண்டனர். வத்தளையிலோ களனியிலோ முற்றத்துடன் கூடிய வீட்டை மலிவாக வாங்கி, கோட்டைக்கு வேலைக்குச் செல்பவர் இதனைச் சிந்திக்க வேண்டும். அந்த முற்றத்தில் அவர் பகல் வெளிச்சத்தைக் காண்பது ஞாயிற்றுக்கிழமையில் மட்டுமே.

நாம் இங்கு பேசுவது விரும்பிச் செல்வதைப் பற்றியாகும். நமது மண்ணில் ஊர் மாறுதல் என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவோடிரவாக வலிகாமத்தை விட்டு நடந்த இலட்சக்கணக்கானோர் ஆகியோரிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை. 2004 ஆழிப்பேரலையின் பின்னரும் அவ்வாறே நடந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் எனக் கரையோரத்தில் கட்டடத் தடை வலயம் அறிவிக்கப்பட்டபோது, கடற்றொழிலாளர் குடும்பங்களுக்குக் கரையிலிருந்து விலகிய இடங்களில் கல்வீடுகள் கட்டப்பட்டன. முன்னைய குடிசையை விட வீடு உறுதியானதுதான். ஆனால் தோணியையும் வலையையும் பார்வையில் வைத்திருக்க முடியாத வீடு, கடலின் நிறம் பார்த்துத் தொழிலுக்கு இறங்குபவருக்கு அரைவீடுதான். வீட்டைக் கட்டியவர்கள் சுவரை அளந்தனர். காலை நான்கு மணிக்கு அந்த மனிதர் எங்கே நிற்க வேண்டும் என்பதை அளக்கவில்லை.

வயதானவர்கள் நிலையும் ஏறக்குறைய இதுவே. பிள்ளைகளின் நன்மைக்காகத் தொடர்மாடிக்கு அழைத்து வரப்பட்ட தாய் தந்தையர் பலருக்கு வைத்திய வசதியும் மூன்று வேளை உணவும் குறைவில்லை. கோயிலுக்கு நடந்து போதல், வேலிக்கு மேலாக இரண்டு வார்த்தை பேசுதல், சந்தையில் மரக்கறிக்காரியுடன் விலைக்குச் சண்டையிடுதல் என்பன இல்லை. இவை அற்ப விடயங்கள் போலத் தோன்றும். அவர்களது நாளே இவற்றால் ஆனது. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தபோது, பெட்டிகளை நிறைத்த பயணிகளில் இத்தகைய முதியோரும் இருந்தமை வியப்பன்று. ஊர் மாறிய ஒருவர் விரும்பும்போது திரும்பிப் போய்வரக் கூடிய வழி இருப்பதே, மாறிய ஊரில் அவர் நிம்மதியாக இருப்பதற்கு ஒரு காரணமாகின்றது. பாதை மூடப்பட்டிருந்த காலங்களில் கொழும்பில் வாழ்ந்தோர் இதனை நன்கறிவர்.

எனவே, ஊர் மாற எண்ணுபவர் புதிய ஊரின் சிறப்புகளைப் பட்டியலிடுவதை விட, அங்கே ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எவ்வாறு கழியும் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. எத்தனை மணிக்கு எழ வேண்டும், பஸ்ஸில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், மாலையில் யாருடன் பேசலாம், இரவில் தூக்கம் வருமா? இப்போதைய ஊரில் மனதை வருத்தும் விடயம் எது, அது ஊருக்குரியதா தமக்குரியதா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கடன்காரனும் குடிப்பழக்கமும் கூடவே வரும்; அயல்வீட்டு ஒலிபெருக்கி வராது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்தைப் பார்த்துவிட்டு அங்கே குடியேற முடிவெடுப்பதும், விடுமுறைக்குக் கொழும்பு சென்று வந்து அங்கே வாழ ஆசைப்படுவதும் ஒரே வகையான தவறுதான். கார்த்திகை மழையில் ஒரு மாதம் அங்கே வாழ்ந்து பார்க்க முடியுமாயின் அதுவே சிறந்த சோதனை.

வாடகை வீட்டுக்கே ஆறு மாதம் தொடக்கம் ஓராண்டு வரையான முற்பணம் கேட்கப்படும் கொழும்பில் இத்தகைய சோதனை எல்லோருக்கும் கைகூடுவதில்லை. குடும்பத் தலைவர் முதலில் தனியே சென்று அறையொன்றில் தங்கிப் பார்ப்பதும், சில மாதங்களின் பின்னர் மற்றவர்களை அழைத்துக்கொள்வதுமே பல குடும்பங்கள் கையாளும் வழியாக உள்ளது. ஆனால் கடைச்சாப்பாட்டுடன் அறையில் தனித்திருப்பவர் காணும் நகரம் ஒன்று. சமையலறையிலும் பாடசாலை வாயிலிலும் நின்று அவரது மனைவி காணப்போகும் நகரம் வேறொன்று. அவரையும் ஒரு மாதம் அழைத்து வைத்திருந்து அபிப்பிராயம் கேட்ட பின்னரே முற்பணத்தைக் கொடுக்கலாம்.